போட்ஸ்வானாவிலிருந்து ஐந்து சுவையான செய்திகள்

கதிர், இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து, சாப்பிட்ட பிறகு படி. வெறும் வயிற்றில் கோபம் வந்தால் உனக்குத் தலைவலி வந்துவிடும். உறையை ஒட்டாமல்தான் தருகிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் அவள் வீட்டாரும் படிக்கட்டும். நான் ஐந்து வருடம் இருந்த நாட்டில் ஊருக்கு நடுவே ‘கோட்லா’ என்று ஒரு பொது இடம் இருக்கும், பெரும்பாலும் ஒரு பெரிய மரத்தடி. வழக்கு என்றால் எல்லாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுவார்கள். தவறு செய்தவர் ஊர் முன்னால் எழுந்து நின்று தன் வாயால் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், ஊர்த் தலைவர் கடைசியில்தான் பேசுவார். உனக்கு நாலு வயதாக இருந்தபோது இதைக் கடிதத்தில் எழுதி அனுப்பினேன், ஒரு சுவையான செய்தியாக. எழுந்து நிற்க வேண்டிய ஆள் நானாக இருப்பேன் என்று அப்போது தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் நிச்சயதார்த்தத்தில் என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்காது, உனக்கு அது ஒன்றுமேயில்லை. தட்டு மாற்றி முடிந்து பந்தி போட ஆரம்பித்திருந்தார்கள். சத்திரத்து வாசல் தூணோரம் ஒரு அம்மாள் மஞ்சள் துணிப்பையை வயிற்றோடு அணைத்தபடி நின்றிருந்தாள். திருப்பதியில் முடி கொடுத்துவிட்டு வந்து மறுபடி வளர்கிற குட்டையான நரைமுடி. யாரையும் நிற்கவைத்துப் பார்க்க உனக்குப் பிடிக்காது. நீயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாய்.

“உக்காருங்கம்மா. நீங்க பொண்ணு வீடா?”

அவள் உன்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உன் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். நான் கீழே உதிர்ந்திருந்த பூவைப் பொறுக்குகிறவள் போலக் குனிந்துகொண்டேன்.

“பொண்ணு வீடுதான்பா,” என்றாள்.

“சாப்ட்டுப் போங்க.”

“ஆச்சுப்பா. நல்லாரு.”

அவள் சாப்பிடவில்லை. பையையும் திறக்கவில்லை. செருப்பு மாட்டக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, போய்விட்டாள். அவள்தான் உன் கோமதி அத்தை. நான் கூப்பிடவில்லை, யார் சொல்லிக் கேள்விப்பட்டு வந்தாளோ. உன் அப்பாவின் அக்கா. மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை நீ அம்மா என்று கூப்பிட்ட ஆள்.

அன்றைக்குச் சாயங்காலமே உன் வருங்கால மனைவியிடம் நீ பேசியது என் காதில் விழுந்தது. “எங்க அப்பாவோட அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. எட்டு வயசு வரைக்கும் அவங்கதான் வளத்தாங்க. அப்புறம் அவங்களுக்குன்னு ஒரு கொழந்தை வந்ததும் என்னைத் தூக்கிப் போட்டுட்டாங்க. நான் தப்பு சொல்லல. சொந்தக் கொழந்தைன்னா அது வேற இல்லியா?” என்றாய். அந்தப் பெண் உன் கையைப் பிடித்துக்கொண்டாள். கதிர், அப்படி ஒரு குழந்தை பிறக்கவே இல்லை. அதைப் பெற்றவள் நான். என் நாக்கால் பெற்றேன். எப்படி என்பதைத்தான் இப்போது சொல்ல வேண்டும், பதினைந்து வருடம் தாமதமாக.

உன் அப்பா பேருந்து விபத்தில் போனபோது உனக்கு ஒன்றரை வயது, எனக்கு இருபத்துமூன்று. கணக்கில் பட்டமும் பி.எட்.டும் முடித்துவிட்டு, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சாயம் போடுகிற வீட்டுக்கு மருமகளாக வந்திருந்தேன். நெசவாளர்கள் கொண்டுவந்து தருகிற பட்டு நூலைச் செப்புப் பாத்திரத்தில் கொதிக்கிற சாயத்தில் முக்கி எடுப்பது அந்த வீட்டுத் தொழில். முகூர்த்தப் புடவைக்கான அரக்குச் சாயம் கலக்குகிற காலையில் மட்டும் என்னைப் பின்கட்டுக்கு வரக்கூடாது என்று உன் தாத்தா சொல்லிவிட்டார். நேரில் சொல்லமாட்டார். கோமதி அக்கா வந்து சொல்லுவாள்: “நீ வந்தா சாயம் திட்டுத்திட்டா புடிக்கிதுன்னு அப்பா சொல்றாரு. புள்ளைய வெச்சிக்கினு உள்ளயே இரு.” அவள் அதை வெட்கப்படாமல் சொல்லுவாள், தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோல. வாரத்தில் நாலு நாள் முகூர்த்தப் புடவைதான். நாலு நாளும் நான் அறைக்குள்ளேயே கிடந்தேன். உன்னைத் தூக்கவே கை வராத நாட்கள் இருந்தன. அவள்தான் வந்து எடுத்துப்போவாள்.

அவளையும் அந்த வீடு சும்மா விடவில்லை. பிள்ளை இல்லை என்று ஆரணியில் அவளுடைய வீட்டுக்காரர் திருப்பி அனுப்பியிருந்தார். அதற்கு முன் மூன்று முறை திருப்புட்குழிக்குப் போனாள். உனக்குத் தெரிந்திருக்கும், பிள்ளை வேண்டுகிறவர்கள் குளத்தில் குளித்துவிட்டு, வறுத்து நனைத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். காலையில் முளைவிட்டிருந்தால் பிள்ளை பிறக்கும். அவளுக்கு மூன்று முறையும் முளைக்கவில்லை. மூன்றாவது முறை அவள் மாமியார் மடியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, பயறைக் கோழிக்குப் போட்டாராம். இதை அவளே எனக்குச் சிரித்துக்கொண்டு சொன்னாள். இதை நினைவில் வைத்துக்கொள். நானும் வைத்துக்கொண்டிருந்தேன், வேறு காரியத்துக்காக.

போட்ஸ்வானாவில் கணக்கு ஆசிரியர் வேலை என்று செய்தித்தாளில் விளம்பரம் வந்தது. அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தான் விண்ணப்பித்தேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முதல் ஒப்பந்தத்தில் இடமில்லை. உனக்காகப் போனேன் என்று இத்தனை வருடமும் உன்னிடம் சொல்லி வந்திருக்கிறேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அந்த அறையிலிருந்து ஓடினேன். நீயும் அந்த அறைக்குள்தான் இருந்தாய்.

போனதும் எழுதிய முதல் கடிதத்தில் என் கண்ணு, ராஜா என்று நான்கு பக்கத்துக்கு அழுது வைத்தேன். கோமதி அக்காவிடமிருந்து பதில் வந்தது. ஐந்தாவது வரை படித்தவள், பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘இப்படி அழுவுறமாதிரி எழுதாத. படிச்சு காட்னதுல புள்ளைக்கு ரெண்டு நாளா ஜுரம். அந்த ஊர்ல யானை கீனை இருந்தா அதப்பத்தி எழுது. அவன் கேப்பான்.’ அப்படித்தான் ஆரம்பித்தது. அதன்பிறகு மாதம் இரண்டு கடிதம், ஒவ்வொன்றிலும் ‘போட்ஸ்வானாவைப் பற்றி ஐந்து சுவையான செய்திகள்’. மனிதர்களைவிட மாடுகள் அதிகம் உள்ள நாடு. அரசு முத்திரையில் சிங்கம் கிடையாது, இரண்டு வரிக்குதிரைகள் நிற்கும். ஆளைவிட உயரமான கறையான் புற்று. நாம் வெயிலில் வேகும் ஜூன் மாதத்தில் அங்கே கம்பளி போர்த்திக்கொள்ளும் குளிர். பாலைவனத்து ஆட்கள் நெருப்புக்கோழி முட்டை ஓட்டில் தண்ணீர் நிரப்பி மண்ணில் புதைத்துவைத்துக் கோடையில் தோண்டிக் குடிப்பார்கள். அந்த ஊர்ப் பணத்துக்குப் ‘புலா’ என்று பெயர், அப்படியென்றால் மழை என்று அர்த்தம். இதற்கு நீ கேட்ட கேள்வியை அக்கா எழுதியிருந்தாள்: ‘அப்ப கடையில மழைய குடுத்தா மிட்டாய் குடுப்பாங்களான்னு கேக்குறான். இன்னான்னு சொல்றது.’ நான் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தேன்.

எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று, கதிர். செய்தி எழுதுவது சுலபம். நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் திறந்தால் ஐந்து செய்தி கிடைத்துவிடும். உனக்குப் பல் விழுந்தது என்று அக்கா எழுதினால், பல் விழுந்து விழுந்து முளைக்கிற சுறாவைப் பற்றி எழுதமுடியாது, அங்கே கடல் கிடையாது. அதனால் முதலையைப் பற்றி எழுதினேன். ‘அம்மா எப்ப வரும்னு கேக்குறான்’ என்று அக்கா எழுதினால் பாவோபாப் மரம் தன் அடித்தண்டில் தண்ணீர் சேர்த்துவைக்கும் என்று பதில் போட்டேன். இரண்டு வருடம் முடிந்தால் ஊருக்கு வந்துபோக விடுமுறையும் டிக்கெட்டும் உண்டு. நான் வரவில்லை. ஒப்பந்தம் தடுத்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனே, அது பொய். அந்த அறையை நினைத்தேன், வரப் பிடிக்கவில்லை. அந்த மாதம் வடக்கே ஒகவாங்கோ ஆற்றைப் பார்க்கப் போனேன். தொலைவில் வேறொரு நாட்டில் பெய்த மழை மாதக்கணக்கில் நடந்து, இங்கே வானம் வறண்டு கிடக்கிற காலத்தில் வெள்ளமாக வந்து சேரும். கடலுக்குப் போகாமல் பாலைவனத்துக்குள்ளேயே விரிந்து முடிந்துவிடும். அந்தக் கடிதம்தான் உனக்கு எல்லாவற்றிலும் பிடித்ததாம். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாயாம்.

ஒரே ஒரு செய்தியை மட்டும் நான் எழுதவேயில்லை. அந்த ஊரில் பிள்ளை பெற்றவளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து ‘இன்னாரின் அம்மா’ என்பார்கள். போன முதல் நாளே தலைமையாசிரியர் கேட்டது, “பிள்ளையின் பெயர் என்ன?” என்றுதான். அன்றிலிருந்து நான் ‘ம்மா-கதிர்’. மாணவர்கள், கடைக்காரர், பேருந்து நடத்துநர், எல்லாருக்கும். காஞ்சிபுரத்தில் சாயத்தைக் கெடுக்கிறவளாக இருந்த எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். ஒரு நாளைக்கு ஐம்பது முறை அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு, நான் உன் அம்மா என்பது எனக்கு ஒரு பதவி மாதிரி ஆகிவிட்டது. நான் ஒன்றும் செய்யாமலே அது உயர்ந்துகொண்டு போயிற்று. உன் காலைக் கழுவியவள் யார், ஜுரத்துக்குக் கஷாயம் வைத்தவள் யார் என்பதெல்லாம் அதில் ஒட்டவேயில்லை. ஊருக்கே அம்மாவாகத் தெரிந்தவளுக்குத் தன் பிள்ளையின் குரல் தெரியாது. இதுதான் நான் செய்த தப்பு. பெயரை உறவு என்று எடுத்துக்கொண்டேன்.

என்னோடு வேலை பார்த்த ம்மா-நியோவின் பிள்ளை ஊரில் அவள் தங்கையிடம் வளர்ந்தான். நம் சின்னம்மா போலவே அவர்கள் மொழியிலும் தாயின் தங்கைக்கு ‘சின்னத் தாய்’ என்றுதான் சொல். “அவனை எப்போது எடுத்துக்கொள்ளப் போகிறாய்?” என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. “யாரிடமிருந்து எடுப்பது?” என்றாள். நான் இதை ஒரு கடிதத்துக்கு நல்ல செய்தி என்று குறித்து வைத்துக்கொண்டேன். அப்புறம் எழுதவில்லை. கோமதி அக்காதானே உனக்கு உரக்கப் படிப்பாள். அவள் வாயால் அதை நீ கேட்கவேண்டாம் என்று நினைத்தேன்.

நான் திரும்பி வந்த அன்று பிள்ளையார்பாளையத்து வாசலில் நீ நின்றிருந்தாய். எட்டு வயது. முன்பல் பெரிதாக முளைத்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

“நீங்கதான் போட்டோ அம்மாவா?”

“ஆமாண்டா கண்ணு.”

“அந்த ஊர்ல காசுக்கு இன்னா பேரு?”

“புலா.”

“அப்டின்னா?”

“மழை.”

“மரம் எதுல தண்ணி வெச்சிருக்கும்?”

“தண்டுல.”

நீ உள்ளே திரும்பிச் சொன்னாய்: “அம்மா, இவங்கதாம்மா. கரெக்டா சொல்றாங்க.”

பின்கட்டிலிருந்து அக்கா சிரித்தாள். “பாஸாயிட்ட, வா,” என்றாள் என்னிடம். அன்றைக்கு அவள் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதை நான் இப்போது சத்தியமாகச் சொல்லமுடியும். அப்போது அது என் முகத்தில் விழுந்த அறை மாதிரி இருந்தது.

இரண்டே வாரத்தில் ஐயம்பேட்டையில் ஒரு பள்ளியில் வேலை, பக்கத்திலேயே ஒரு வாடகை வீடு. உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தூக்கிக்கொண்டு என்றால் நிஜமாகவே, கைகால் உதற உதற. அக்கா தடுக்கவில்லை. உன் துணியை மடித்துக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் பேருந்து பிடித்து வேர்க்கடலை உருண்டையோடு வருவாள். நீ காலையிலிருந்தே வாசற்படியில் உட்கார்ந்திருப்பாய். அவள் தலை தெரிந்ததும் “அம்மா” என்று கத்திக்கொண்டு தெருவெல்லாம் ஓடுவாய். என்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டாய், ஏதாவது வேண்டும் என்றால்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை வீட்டுக்கார அம்மா தண்ணீர்க் குழாயடியில் நாலு பேருக்கு நடுவில் கேட்டாள்: “ஏன் டீச்சர், பையன் அவங்கள அம்மான்றான். அப்ப நீங்க யாரு, சின்ன வீடா?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அக்காவைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டேன், வழக்கமில்லாத வழக்கமாக. அங்கே வைத்துச் சொன்னேன்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே வராதீங்க. நானா சொல்லல. கதிர்தான் சொல்றான். உங்க கையெல்லாம் சாயக் கறையா இருக்குதாம், ஸ்கூல் பசங்க பாத்துட்டுக் கேலி பண்றாங்களாம். அவனுக்கு அசிங்கமா இருக்குதாம்.”

அவள் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் அரக்குச் சிவப்பு. “புள்ளையா சொன்னான்?” என்று ஒரே ஒரு முறை கேட்டாள். “ஆமாக்கா,” என்றேன். பேருந்து வந்தது. ஏறிக்கொண்டாள். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ பொழுது சாயும் வரை வாசற்படியில் இருந்தாய். அதற்கடுத்த வெள்ளியும். மூன்றாவது வாரம் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாய். அப்போதுதான் அந்தக் குழந்தையைப் பெற்றேன். “அத்தைக்கு அவங்க வீட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போயிட்டாருடா. திருப்புட்குழியில பயறு முளைச்சிடுச்சு. அவங்களுக்குன்னு ஒரு பாப்பா வரப்போவுது. இனிமே ஆரணிலதான் இருப்பாங்க,” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா. இத்தனை வருடம் செய்தி எழுதிய கை. நீ எழுந்து உட்கார்ந்து, “லெட்டர் போடலாமா?” என்று கேட்டாய்.

நானே தபாலாபீஸில் இன்லேண்டு வாங்கிக் கொடுத்தேன். நான்கு கடிதம் எழுதினாய். கடிதம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நீ கற்றுக்கொண்டிருந்தாய், அதனால் ஒவ்வொன்றின் தலைப்பும் ‘ஐயம்பேட்டையைப் பற்றி ஐந்து சுவையான செய்திகள்’. இந்த ஊரில் ரயில் கிடையாது, ஆனால் பள்ளிக்கூட மணி தண்டவாளத் துண்டு. கிணற்றில் ஒரு ஆமை இருக்கிறது, அதற்கு வீட்டுக்காரத் தாத்தாவைவிட வயது அதிகம். வீட்டுக்கார அம்மா பல்லைக் கழற்றி டம்ளரில் போடுவார்கள். எனக்கு நேற்று ஜுரம், இன்று இல்லை. பாப்பா பெயர் என்ன. ஐந்தாவது செய்தி எப்போதும் அதுதான்: பாப்பா பெயர் என்ன, பாப்பா என்னைப் பார்க்க வருமா, பாப்பா உன் பக்கத்தில் படுத்தால் நான் வரும்போது எங்கே படுப்பேன். முகவரிக்குத் தெருப் பெயர் கேட்டாய். “கோமதி அம்மா, ஆரணின்னு போட்டாப் போதும்,” என்றேன். தபால் பெட்டியில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தாய். “ஆரணிக்கு லெட்டர் போவ எத்தினி நாளாவும்?” என்று கேட்டாய். “போட்ஸ்வானாவுக்கு ஆகிற மாதிரி ஆவும்,” என்று சொன்னேன். நீ பொறுமையாக இருக்கக் கற்ற பிள்ளை. இருந்தாய். நான்காவது கடிதத்துக்குப் பிறகு கேட்கவில்லை. ஒரு நாள், வேறு எதையோ கேட்பதற்காக, என்னை “அம்மா” என்றாய். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த மாதமே வேலூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனோம். தாத்தா இறந்த சேதி வந்தபோதும் உன்னைக் கூட்டிப்போகவில்லை, உனக்குப் பரீட்சை என்று தந்தி கொடுத்தேன்.

நீ புருஷனாகவும் அப்பாவாகவும் ஆகப்போகிறவன். அதனால் ஒன்றைச் சொல்கிறேன், புத்திமதி என்று எடுத்துக்கொண்டாலும் சரி. உன் பிள்ளை வேறு யாரையாவது பார்த்து ஓடினால், வயிறு எரியும். எரியட்டும். அது எரிந்து அடங்கும் வரை வாயைத் திறக்காதே. எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை என்று சாக்குச் சொல்லமாட்டேன். சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

புதன்கிழமை பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு அன்றைக்குத் தபாலில் போடாமல் வைத்துக்கொண்ட அந்த நான்கு இன்லேண்டையும் எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். அவள் பின்கட்டில் தனியாக இருந்தாள். அடுப்பில் அரக்குச் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. கோலில் கோர்த்த நூலைப் பாத்திரத்தில் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் முதன்முறையாக, அந்தச் சாயம் கொதிக்கும்போது அந்த இடத்தில் நின்றேன். அவள் போகச் சொல்லவில்லை.

“இன்னா டீச்சர், வழி மறக்கல போலக்குது.”

“அக்கா, ஞாயித்துக்கிழமை நான்…”

“நல்லா வளத்துக்கிற. யாருன்னே தெரியாத கெழவிக்கு நாற்காலி போட்றான் பாரு. அது வளப்பு.”

நான் கடிதங்களை நீட்டினேன். அவள் கை நனைந்திருந்தது. “படி,” என்றாள். முதல் கடிதத்தைப் படித்தேன். தண்டவாளத் துண்டுக்கு லேசாகச் சிரித்தாள். பல் டம்ளருக்கும். ஐந்தாவது செய்தி வந்தது.

“எந்தப் பாப்பா?” என்றாள்.

சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் கோலை அப்படியே விட்டுவிட்டாள். புரட்டாமல் விட்டால் நூலில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், அது எனக்கே தெரியும். விட்டுவிட்டாள்.

“பயறு மொளைச்சிதுன்னா சொன்ன?”

“ஆமாக்கா.”

“மொளைச்சிதுன்னு.” நனைந்த கையை மடியில் துடைத்துக்கொண்டாள். “எங்கிட்ட யாரும் சொல்லலியே டீச்சர்.”

எனக்கு அழுகை வந்தது. “அழுவாத,” என்றாள், ரொம்பச் சாதாரணமாக. “அழுவுறதுன்னா வெளிய போய் அழுவு. பதினஞ்சு வருசம் நான் என் கைய பாத்துக்கினு இருந்தேன். இந்தக் கைதான் புள்ளைக்கு அசிங்கம்னு. நிச்சயத்துக்கு வர்றதுக்கு முன்ன ரெண்டு நாளு எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சேன், போவல. கூறைப் பொடவை வெச்சிருந்தேன் பையில. நானே சாயம் போட்டு, பக்கத்து வீட்ல நெய்யக் குடுத்து வாங்குனது. எடுத்துக் குடுக்கறப்ப கறை தெரியுமேன்னு தொறக்கல.”

“கதிர் அப்படிச் சொல்லவே இல்லக்கா. ஒரு நாளும் சொல்லல.”

“அதான் இப்ப சொல்லிட்டியே.”

மீதிக் கடிதங்களையும் படிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்றேன். “எடுத்துக்கினு போ. அத எழுதுன புள்ளைக்கு எட்டு வயசு. வாசப்படில குந்திக்கினு போஸ்ட்மேனையே பாத்துக்கினு இருந்திருக்கும். அதுக்கு இப்ப யாரு போய் பதில் சொல்றது? இத்தினி நாளு உங்கிட்டதான இருந்துச்சு. இனிமேலும் நீயே வெச்சிக்க.” நான் எடுத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தோடு அவற்றை வைக்கவில்லை. நீ கேட்டால் தருவேன், கேட்காவிட்டால் என்னிடமே இருக்கும். அதை அவள் எனக்குக் கொடுத்த தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, கல்யாணத்துக்கு வரவேண்டும் என்று கூப்பிட்டேன். முன்வரிசையில் உட்காரவேண்டும், உன்னிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“வர்றேன். நீ இல்லன்னா வர்றேன்.”

“அக்கா?”

“உன்ன பாக்க எனக்கு ஆவல. கோவம்னு வெச்சிக்க, இன்னான்னா வெச்சிக்க. எட்டு வயசுலர்ந்து இருபத்திமூணு வரைக்கும் முழுசா நீ பாத்துட்ட. ஒரு நாளு, ஒரு முகூர்த்தம், நான் பாக்கறேன். நீ எங்கனா போய் இரு.”

இவ்வளவு கடுமையான வார்த்தையைக் குரலை உயர்த்தாமல் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. சரி என்றேன். என்ன சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னேன். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஆறிலிருந்து ஏழரை என்றேன். தலையாட்டிவிட்டு, திட்டுப் பிடித்துக் கெட்டுப்போன நூலைக் கோலோடு தூக்கி ஒரு பக்கமாக எறிந்தாள்.

உனக்கு இப்போது என் மேல் எவ்வளவு ஆத்திரம் வந்திருக்கும் என்று தெரியும். அதோடு இன்னொன்றும் வரும், அதுதான் எனக்குப் பயம். நீ நல்ல பிள்ளை, இரண்டு பேரையும் சேர்த்துவைக்கலாம் என்று கிளம்பிவிடுவாய். அவளிடம் போய் எனக்காகப் பேசாதே. என்னை மன்னிக்கச் சொல்லி அவளை நீ கேட்டால், நான் உன்னை அவளிடமிருந்து இரண்டாவது முறையாகத் தூக்கிக்கொண்டு வந்ததாக ஆகிவிடும். போ, தனியாகப் போ. அவள் உன்னிடம் என்ன பேசுவாள், பேசுவாளா என்பதுகூட எனக்குத் தெரியாது. உனக்கு ஏதாவது சொல்லச் சொல்லி அனுப்பினாளா என்று நீ கேட்பாய். இல்லை. நானும் கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள்.

கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் அச்சாகிவிட்டது, அது இருந்துவிட்டுப் போகட்டும். அன்று காலை நான் வேலூரில் இருப்பேன். பெண் வீட்டார் கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லாதே. இந்தக் கடிதத்தைக் கொடு. சத்திரத்தில் வந்தவர்கள் யாராவது, மாப்பிள்ளையின் அம்மா எங்கே என்று கேட்பார்கள். நீ அவளைக் காட்டு. நான் மாறிவிட்டேன், தியாகம் செய்கிறேன் என்றெல்லாம் நினைத்து உருகிவிடாதே, கதிர். அவள் கேட்காமல் இருந்திருந்தாலும் நான் வந்திருக்கமாட்டேன். நீ அவளை அம்மா என்று கூப்பிடுவதைப் பக்கத்தில் நின்று கேட்க எனக்கு இன்றைக்கும் முடியாது.